நீரைக் கற்கும் கல்வி

ஒரு நாட்டின் வளத்தை அளந்தறிய விரும்புவோர் முதற்கண் அந்நாட்டின் நீர்வளத்தையே நோக்குவர். நிலம் எத்துணைப் பரந்து கிடப்பினும், அதனை நனைக்க நீர் இல்லையாயின் அது பாழ்நிலமே. நீர் நிறைந்து பெருகினும், அதனைத் தேக்கவும் திருப்பவும் பங்கிடவும் அறிந்த மக்கள் இல்லையாயின் அந்நீர் கடலுக்கே உரியதாகும். ஆதலின் நிலம், நீர், அறிவு ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய இடத்தில்தான் வளம் நிலைபெறும். இம்மூன்றும் நெடுங்காலமாகக் கூடி விளங்கும் பகுதிகளுள் ஒன்று, தமிழகத்தின் தென்கோடியில் உள்ள நாஞ்சில் நாடு.

நீரைப் பற்றிய அறிவு முற்காலத்தில் தந்தையிடமிருந்து மைந்தனுக்குத் தொழிலோடு தொழிலாக வந்தது. இந்நாளில் அஃது ஓர் உயர்கல்வியாகவும் வளர்ந்துள்ளது. கல்லூரியில் பட்டம் பெற்ற மாணவர்கள், நீரையும் சுற்றுச்சூழலையும் பற்றி மேலும் சில ஆண்டுகள் பயின்று ஆராய்ச்சி செய்கின்றனர். அக்கல்வியின் பொருள் யாது? அதனால் விளையும் பயன் யாது? நாஞ்சில் நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றைக் காண்போம்.

நாட்டின் இயல்பு

நாஞ்சில் என்னும் சொல் கலப்பையைக் குறிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களை உள்ளடக்கிய பகுதியே நாஞ்சில் நாடு என வழங்கி வருகிறது. நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த இப்பகுதி, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு நோக்கி ஓடிவந்து முடிவுறும் இடம் இதுவே. மலைக்கும் கடலுக்கும் இடையேயுள்ள தொலைவு இங்குக் குறைவு. காலையில் மலையடிவாரத்தில் புறப்பட்ட ஒருவர் மாலைக்குள் கடற்கரையைச் சென்றடையலாம். தமிழகத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவ மழையையே பெரிதும் நம்பி வாழ, இம்மாவட்டமோ தென்மேற்குப் பருவ மழையையும் வடகிழக்குப் பருவ மழையையும் ஒருங்கே பெறும் பேறு உடையது. அதனால் இங்கு இருபோக நெற்சாகுபடி வழிவழியாக நடந்து வந்தது. கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுவடையாகும் போகத்தைக் கன்னிப்பூ என்றும், கும்ப மாதமாகிய மாசியில் அறுவடையாகும் போகத்தைக் கும்பப்பூ என்றும் உழவர் வழங்குவர்.

ஆயினும் மழை எல்லா இடத்தும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. மேற்கேயுள்ள மலைச்சரிவுகளில் மிகுதியாகப் பெய்யும் மழை, கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிச் செல்லச் செல்லக் குறைகிறது. கணவாயின் வழியே வீசும் வலிய காற்று இன்று அங்கே காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அக்காற்றே நீர்நிலைகளின் மேற்பரப்பிலிருந்து நீரை ஆவியாக்கியும் கொண்டு செல்கிறது. நீர் மிகுந்த மேற்கிலிருந்து நீர் குறைந்த கிழக்கிற்கு நீரைக் கொண்டு வருதல் எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேடியதே நாஞ்சில் நாட்டு நீர்ப்பாசனத்தின் வரலாறு.

முன்னோர் கண்ட வழி

நாஞ்சில் நாட்டின் நடுவே பாய்ந்து மணக்குடியில் கடலோடு கலக்கும் ஆறு பழையாறு. இஃது ஒரு சிற்றாறே. இதன் நீர் மட்டும் வயல்கள் அனைத்திற்கும் போதாது. மேற்கே பாயும் பரளியாறோ மலைநீரை மிகுதியாகத் தாங்கி வருவது. பரளியாற்றின் குறுக்கே கல்லணை ஒன்று கட்டி, அதன் நீரின் ஒரு பகுதியைக் கால் வழியாகப் பழையாற்றுப் பக்கம் திருப்பினர் நம் முன்னோர். அவ்வணை பாண்டிய மன்னர் ஒருவர் கட்டுவித்தது என்பது வழிவழி வந்த செய்தி. அணையும் காலும் பாண்டியன் பெயராலேயே வழங்கலாயின. ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றின் நிலப்பரப்பிற்குத் திருப்பும் இவ்வருஞ்செயலைப் பிற்காலத்தில் 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரியாற்று அணையிலும் காண்கிறோம். அளவில் வேறுபடினும் இரண்டிற்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

காலம் செல்லச் செல்ல மக்கள்தொகை பெருகியது. நீரின் தேவையும் பெருகியது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் மன்னர் ஆண்ட காலத்தில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. 1897ஆம் ஆண்டு தொடங்கிய அப்பணி 1906ஆம் ஆண்டு நிறைவெய்தியது. மிஞ்சின் என்னும் ஆங்கிலப் பொறியியல் வல்லுநர் அப்பணியில் தம் உழைப்பை ஈந்தார். அவருடைய கல்லறையும் அவ்வணையின் அருகிலேயே அமைந்துள்ளது. பின்னர், 1950-களின் தொடக்கத்தில் பரளியாற்றில் பெருஞ்சாணி அணை கட்டி முடிக்கப்பட்டது. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. பெருஞ்சாணியின் மட்டம் 77 அடி. இவ்விரு அணைகளின் நீரும் புத்தன் அணை வழியாகப் பாண்டியன் கால்வாய், பத்மநாபபுரம் புத்தனாறு முதலிய கால்வாய்களில் பிரிந்து செல்கின்றது. தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு ஆகியவை அந்நீரைக் கடைமடை வரை கொண்டு சேர்க்கின்றன.

மேற்கேயுள்ள கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டு நிலங்களுக்கு நீர் கொண்டு செல்வதற்காக மாத்தூரில் தொட்டிப்பாலம் அமைக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இப்பாலம், பரளியாற்றின் மேலே 28 தூண்களின்மீது 115 அடி உயரத்தில் நிற்கிறது. கீழே ஆறு ஓட, மேலே கால்வாய் ஓடும் காட்சி காண்போர் உள்ளத்தைக் கவர்வது. ஆனால் இவற்றை வியந்து நோக்குவதோடு நாம் அமைதல் கூடாது. மலை, அணை, கால்வாய், குளம், வயல், கழிமுகம் ஆகிய அனைத்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை உணர்தல் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் பயனற்றுப் போகும்.

குளத்தின் பயன்

இச்சங்கிலியில் நடுநாயகமாக விளங்குவது குளம். கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறியனவும் பெரியனவுமாகக் குளங்கள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டன உள்ளன. கால்வாயில் வரும் நீரும் மழைநீரும் குளத்தில் தங்குகின்றன. மடையைத் திறந்தால் நீர் வயலுக்குப் பாய்கிறது. குளம் நிறைந்து மிகும் நீர் மறுகால் வழியே அடுத்த குளத்தை அடைகிறது. ஒரு குளத்தின் கழிவு மற்றொரு குளத்தின் வரவு ஆகும் இவ்வமைப்பு வியக்கத்தக்கது.

குளம் வயலுக்கு மட்டும் பயன்படுவதன்று. அதன் நீர் மண்ணினூடே கசிந்து அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது. பெருமழை பெய்யுங்கால் வெள்ளத்தைத் தாங்கி ஊரைக் காக்கிறது. கோடையில் கால்நடைகளுக்கு நீர் ஊட்டுகிறது. மீனுக்கும் தாமரைக்கும் பறவைக்கும் உறைவிடமாகிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த தேரூரின் குளமும் அதனை அடுத்த சுசீந்திரம் குளமும், தொலைநாடுகளிலிருந்து வரும் பறவைகளுக்கும் இடந்தருவன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022ஆம் ஆண்டில், உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. மனிதர் கையால் வெட்டிய குளங்கள் உலகத்தார் போற்றும் செல்வங்களாயின என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ?

அளந்து அறியும் அறிவு

முன்னோர் பட்டறிவால் உணர்ந்தவற்றை இன்றைய அறிவியல் அளந்து காட்டுகிறது. ஆற்றுநீர் எங்கிருந்து வருகிறது என்னும் எளிய வினாவிற்குங்கூட ஐரோப்பியர் நெடுங்காலம் தெளிவான விடை காணவில்லை. கடல்நீரே நிலத்தடியாகச் சென்று ஊற்றாக வெளிப்படுகிறது எனக் கருதியோர் பலர். பிரான்சு நாட்டினரான பியர் பெரோ என்பவர், செய்ன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையையும் அங்கு ஓடும் ஆற்றுநீரையும் கணக்கிட்டு ஒப்பிட்டார். மழைநீர் ஆற்றுநீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என 1674ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் காட்டினார். ஆற்றை நிரப்ப மழையே போதும் என்பது இதனால் விளங்கிற்று. வரவையும் செலவையும் எழுதி ஒப்பிடும் வணிகரின் முறையே இங்கு அறிவியல் முறையாயிற்று.

அம்முறையை நம் ஊர்க் குளத்தில் பொருத்திப் பார்ப்போம். ஒரு குளத்தின் நீர்ப்பரப்பு 10 ஹெக்டேர் எனக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகுமாயின், அக்குளம் ஒரு நாளில் இழக்கும் நீர் 500 கன மீட்டர், அஃதாவது 5 லட்சம் லிட்டர். அதே குளத்தின் அடியில் ஒரு சென்டிமீட்டர் வண்டல் படியுமாயின், 10 லட்சம் லிட்டர் நீர் தங்கும் இடம் குறைந்துபோகும். ஒரு விரற்கடை வண்டலின் தீமை எத்துணைப் பெரிது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. வண்டலை ஆண்டுதோறும் அள்ளி வயலுக்கு உரமாக இட்ட பண்டை வழக்கத்தின் சிறப்பும் இதனால் புலனாகும். குளமும் ஆழம் பெற்றது. வயலும் உரம் பெற்றது.

நிலத்தடி நீரின் இயல்பை வகுத்துக் கூறியவருள் முதன்மையானவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி. அவர் தீசோன் நகரத்தின் குடிநீர்ப் பணியில் ஈடுபட்டிருந்தவர். மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திச் சோதித்து, மணலினூடே நீர் செல்லும் அளவு நீர்மட்ட வேறுபாட்டைப் பொறுத்து மிகும் என்னும் விதியை 1856ஆம் ஆண்டு வெளியிட்டார். குளத்து நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது கிணற்றில் ஊற்றுப் பெருகுவதும், குளம் வற்றினால் கிணறும் வற்றுவதும் இவ்விதியின்பாற்பட்டனவே.

கடற்கரைக்கு மற்றொரு விதி உண்டு. டச்சு நாட்டவரான கைபனும், செருமானியரான ஹெர்ஸ்பெர்க்கும் அதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். நன்னீர் கடல்நீரைவிடச் சிறிது இலேசானது. ஆதலின் கரையோர மண்ணினுள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே அரை மீட்டர் குறையுமாயின், கீழே உவர்நீர் 20 மீட்டர் உயர்ந்துவிடும். மணக்குடி, இராஜாக்கமங்கலம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்வோர் அறிய வேண்டிய உண்மை இது. அளவின்றி ஆழ்குழாய்க் கிணறுகளில் நீர் இறைப்பது, கடலை வீட்டிற்கு அழைப்பது போன்றதாகும். ஒருமுறை உவர்நீர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீர் தர நெடுங்காலம் ஆகும்.

இன்றைய நிலை

நாஞ்சில் நாட்டு நீர்ச்சங்கிலி இன்று பல இடங்களில் நலிந்துள்ளது. குளங்கள் சில தூர்ந்தும் சுருங்கியும் போயின. கால்வாய்களில் குப்பையும் கழிவுநீரும் கலக்கின்றன. ஆகாயத்தாமரை படர்ந்து நீரின் முகத்தை மறைக்கிறது. நெல் விளைந்த வயல்களில் பல தென்னந்தோப்புகளாகவும் வாழைத் தோட்டங்களாகவும் மாறின. வேறு சில வீட்டு மனைகளாயின. வயல் மறைந்தால் அதனோடு மடையும் காலும் மறைகின்றன. மடையைத் திறந்து மூடும் தொழிலறிவும் உடன் மறைகிறது.

இவ்வாறு மாற்றியவர்களை மட்டும் குறைகூறுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. நெற்பயிருக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று; செலவு மிகுந்தது; விலையோ அதற்கேற்ப உயரவில்லை. தோப்பு வைத்தவர் தம் குடும்பத்தைக் காக்கவே அதனை வைத்தார். மேலும், தலைமடையில் உள்ளவர் வேண்டியபோது நீர் பெற, கடைமடையில் உள்ளவர் வானத்தை நோக்கிக் காத்திருக்கும் நிலையும் உண்டு. நீர் வாராத வயலை எத்துணை ஆண்டு ஒருவர் உழுவார்? ஆதலின் நீரின் கணக்கு, மழையின் கணக்கு மட்டுமன்று. மக்கள் வாழ்வின் கணக்கும் ஆகும். இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பதே இந்நாளைய நீராராய்ச்சி.

இயற்கையும் சில வேளைகளில் நம்மைச் சோதிக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை குளச்சல், மணக்குடி முதலிய கரையூர்களைச் சூறையாடியது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தின் மரங்களைச் சாய்த்து, பெருமழையைக் கொட்டியது. இத்தகைய வேளைகளில் குளங்களும் கால்வாய்களும் கழிமுகத்து அலையாத்தி மரங்களும் நன்னிலையில் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை எவரும் உணர்வர்.

உயர்கல்வியும் ஆராய்ச்சியும்

நீரைப் பற்றிய உயர்கல்வி ஒரு துறையில் அடங்குவதன்று. அணையும் மதகும் கட்டப் பொறியியல் வேண்டும். நீரிலுள்ள உப்பையும் நஞ்சையும் அறிய வேதியியல் வேண்டும். நிலத்தடிப் பாறையை அறிய நிலவியல் வேண்டும். பயிருக்கு வேண்டிய நீரை அறிய வேளாண்மை வேண்டும். மீனையும் பறவையையும் அறிய உயிரியல் வேண்டும். நீரைப் பங்கிடும் முறையை அறியப் பொருளியலும் சட்டமும் வரலாறும் வேண்டும். இவற்றுள் ஒன்றில் ஆழ்ந்து, பிறவற்றையும் மதிக்கக் கற்றவரே நல்ல ஆராய்ச்சியாளர்.

இக்கல்விக்கு உலகெங்கும் நிலையங்கள் எழுந்தன. கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த நிலத்தையும் கரை கட்டிக் காக்கும் நெதர்லாந்து நாடு, 1957ஆம் ஆண்டில் டெல்ஃப்ட் நகரில் பன்னாட்டு மாணவர்க்கு நீர்ப்பொறியியல் கற்பிக்கத் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1965ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளைப் பன்னாட்டு நீரியல் பத்தாண்டு என வகுத்தது. நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனம் நிறுவப்பெற்றது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நீர்வள மையமும், திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையமும் உள்ளன. நாஞ்சில் நாட்டிலேயே திருப்பதிசாரத்தில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உண்டு. இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் உண்டு. ஆகவே இக்கல்வியை நாடும் மாணவர்க்கு வாயில்கள் பல.

ஆராய்ச்சி செய்யும் மாணவர் யாது செய்வார்? மழைமானியில் நாள்தோறும் மழையை அளப்பார். கால்வாயின் தலையிலும் கடையிலும் நீரோட்டத்தை அளந்து, இடைவழியில் இழந்தது எவ்வளவு எனக் காண்பார். குளத்தின் பழைய எல்லையை நிலப்பதிவேட்டில் தேடி, வானிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிடுவார். கிணற்று நீரை மாதந்தோறும் எடுத்து உப்பின் அளவைக் குறிப்பார். ஓராண்டுக் குறிப்பு போதாது. பல ஆண்டுக் குறிப்பே உண்மையைக் காட்டும். இப்பணியில் விரைவு உதவாது. பொறுமையும் நேர்மையும் வேண்டும். தாம் எதிர்பார்த்த விடைக்கு மாறான எண் கிடைப்பினும் அதனை மறையாது எழுதுவதே ஆராய்ச்சியின் அறம்.

கருவிகளோடு செவியும் வேண்டும். எந்த மடையில் நீர் தங்கும், எந்தக் காலில் மணல் சேரும், எந்த மழைக்கு எந்தக் கரை உடையும் என்பவற்றை முதிய உழவர் நன்கு அறிவர். அவர் அறிவு ஏட்டில் ஏறாதது. அவர் மறைந்தால் அதுவும் மறையும். அதனைக் கேட்டு எழுதி, அளந்து ஆராய்ந்து, பிழையாயின் நீக்கி, மெய்யாயின் காத்து அடுத்த தலைமுறைக்கு அளித்தல் கற்றோர் கடன். படித்தவர் உழவரிடம் கற்பதும், உழவர் படித்தவரிடம் கற்பதும் ஒருங்கே நிகழும் இடத்தில்தான் நீர் காக்கப்படும்.

முடிவுரை

பாண்டியன் கால் வெட்டியவர் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் வெட்டிய வழியில் இன்றும் நீர் ஓடுகிறது. தம் காலத்துத் தேவைக்கு மட்டும் அவர்கள் உழைத்தாரல்லர். பின்வரும் தலைமுறைகளையும் எண்ணி உழைத்தனர். வருவோர்க்கு உரியதைக் குறைக்காமல் நமக்கு வேண்டியதைப் பெறுவதே நிலைத்த வாழ்வு என இன்றைய அறிஞர் கூறுகின்றனர்.

மாணவர்களே! இக்கல்வியைத் தொடங்கப் பல்கலைக்கழகம் புகும் நாள்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நுங்கள் ஊர்க் குளத்திற்கு நீர் எந்தக் கால் வழியே வருகிறது? மறுகால் நீர் எங்குச் செல்கிறது? கரை சென்ற ஆண்டினும் குறுகியுள்ளதா? கிணற்று நீர்மட்டம் சித்திரையில் எவ்வளவு, கார்த்திகையில் எவ்வளவு? ஒரு குறிப்பேட்டில் இவற்றை எழுதி வருக. நுங்களுள் சிலர் நாளை இதனையே உயர்கல்வியாகக் கொள்ளக்கூடும். ஏனையோர் உழவராகவோ அலுவலராகவோ வணிகராகவோ விளங்கக்கூடும். எத்தொழில் புரியினும், தம் ஊரின் நீர்க்கணக்கை அறிந்த மக்கள் உள்ள நாட்டில் குளம் தூராது, கால் அடையாது, கடைமடை வயலும் நீர் பெறும்.